அறுபத்து மூன்றாவது குறை

அந்தச் சிறுமியின் கைதான் முதலில் உறுத்தியது. கிணற்றடியில் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேர் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். வரிசையின் கடைசியில், திரையின் வலது ஓரத்தில் நிற்பவளுக்குப் பத்து வயது இருக்கலாம். எண்ணெய் வழியும் தலையும் கிழிசல் பாவாடையுமாகக் கேமராவையே பார்க்கிறாள். அவளுடைய இடது கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மடங்கி, எதையோ இறுகப் பிடித்திருந்தது. பிடித்த இடத்தில் ஒன்றுமில்லை.

முத்தமிழ்செல்வன் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. சன்னலில் கறுப்புத் துணி அடித்த அந்தச் சின்ன அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற, வெளியே கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையை நடுக்கிக்கொண்டு போக, அவை கிளப்பிய சுண்ணாம்புத் தூசியின் உலர்ந்த வாடையும் அடுப்படியில் அவன் மனைவி ஜெயசுதா தாளிக்கும் கடுகின் வாடையும் கதவிடுக்கு வழியாகக் கலந்து வந்துகொண்டிருந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அந்தக் கை மட்டும் வழக்கமாக இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் பெரம்பலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கோப்பு தூக்கும் குமாஸ்தா அவன். அங்கே அவனை யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் பழைய படங்களைப் புதுப்பித்துக் குறுந்தகடாக வெளியிடுகிறவர்கள் நடுவே அவன் பெயரைச் சொன்னால் வயிற்றைக் கலக்கும். பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டு ஒரு பதிவு எழுதினானென்றால் அந்தத் தகடு அப்படியே பெட்டியில் கிடக்கும். ஒரு தூசி, ஒரு கீறல், ஒரு நடுக்கம் அவன் கண்ணுக்குத் தப்பாது. தப்பாததில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம்.

இப்போது அவன் கையில் இருந்தது ‘வெள்ளைக் கிணறு’. அறுபத்தாறில் வந்த கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்தில் கீழப்பழுவூரில் எடுத்தது. காணாமல்போன மனைவியைத் தேடி ஒருவன் ஊருக்குள் வருகிறான். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே அதே வீடு, அதே ஆட்கள், அதே பதில். கனவுபோல ஓடும் படம். தகரப் பெட்டியொன்றில் பிலிம் கெட்டுப் புளிப்பு வாடையடித்துக் கிடந்த ஒரே பிரதியை எடுத்து, சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் துடைத்துக்கொண்டிருந்தது. வெளியிடும் முன் அவனுக்கு ஒரு சோதனைத் தகடு வந்தது. அவன் நிமிடம், இடம், குறை என்று எண் போட்டு நூற்றுப் பதினெட்டு குறைகளை அனுப்பினான். அவற்றில் அறுபத்து மூன்றாவது இது: ‘நாற்பத்தேழாவது நிமிடம், கிணற்றடி, வலது ஓரம், சாம்பல் நிறக் கறை. நீக்கவும்.’

அவர்களிடம் ஒரு முறை உண்டு. திருத்திய தகடு வர வேண்டுமானால் முதல் தகட்டை இரண்டாக உடைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெளியே கசிந்துவிடக் கூடாது என்று அப்படி. போன வாரம் அவன் மளுக்கென்று உடைத்து அனுப்பினான். நேற்று இது வந்தது.

கறையைச் சுத்தமாக எடுத்திருந்தார்கள். சுவரின் காரை வெடிப்பு, கறை இருந்த இடத்திலும் விட்டுப்போகாமல் தொடர்ந்தது. பக்கத்திலிருக்கும் சுவரையே கொஞ்சம் எடுத்து ஒட்டி நிரப்புவார்கள், அதுதான் வேலைத்திறம். ஆனால் கறை போனதும் அந்தக் கை அம்மணமாக நின்றது. சிறுமி காற்றைப் பிடித்திருப்பது இப்போது யாருக்கும் தெரியும். அவன் உடனே ஒரு மின்னஞ்சல் தட்டினான். ‘கறை போயிற்று, கை நிற்கிறது. பாதி வேலை. இப்படியே வெளியிட்டால் ஆறுக்கு மேல் தர மாட்டேன்.’ புதன்கிழமை வெளியீடு என்பதால் அவர்களுக்கு ஞாயிறும் வேலைநாள்தான். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: கையையும் சரிசெய்கிறோம் சார்.

கதவு திறந்தது. அம்மா.

“ஏண்டா தம்பி, வந்துடுச்சாமே? எனக்குக் காட்டுறன்னியே.”

கலியம்மாளுக்கு அறுபத்தாறு வயது. கீழப்பழுவூரில் பிறந்தவள். நான் சினிமாவில் நடித்திருக்கிறேன் என்று கல்யாண வீடு, காதுகுத்து எதையும் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்தப் படத்தைக் கண்ணால் கண்டதில்லை. செல்வன் சின்ன வயதிலிருந்தே அதை வைத்து அவளைக் கிண்டலடித்திருக்கிறான். எங்கம்மா பெரிய ஸ்டாருடா என்று சிநேகிதர்கள் முன்னால் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான். புதுத் தகட்டில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அவன்தான். அதற்காக இன்று அவள் தலைக்குக் குளித்து, மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டியிருந்தாள்.

அவன் அந்தக் காட்சியைப் போட்டான். அவள் திரைக்கு மிக அருகே போய்க் குனிந்து, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள்.

“இவன் செல்லக்கண்ணு. இது பொன்னம்மா அக்கா. அய்யோ, கடைசியில எங்கக்காடா! எப்படி நிக்கிறா பாரேன்.” செத்துப்போன அக்காவின் முகத்தில் விரல் நின்றது. பிறகு வலப்பக்கம் நகர்ந்தது. சுவரில் தடவியது.

“நான் இங்கதான நின்னேன்.”

செல்வன் காட்சியை அப்படியே நிறுத்தினான்.

“எனக்கு ஒன்னுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சுடா. நெளிஞ்சுகிட்டே நிக்கிறேன். ஆடாத பாப்பா, ஆடாதன்னு கேமராக்காரரு கத்துறாரு. அக்காதான் என் கைய இறுக்கிப் புடிச்சுகிட்டா. ஒரு நிமிஷம் ஆடாம நிக்க முடியல.”

கனவுபோலத் தெரிய லென்ஸை வெகுநேரம் திறந்துவைத்து எடுத்த காட்சியில், நெளிந்துகொண்டே நின்ற ஏழு வயதுக் குழந்தை. முகம் பதியவில்லை. கால் பதியவில்லை. ஒரு சாம்பல் தீற்றல். கறை.

சொல்லியிருக்கலாம். தப்புப் பண்ணிட்டேம்மா என்று ஒரு வார்த்தை. ஆனால் குறை கண்டுபிடிப்பதையே பிழைப்பின் பெருமையாக வைத்திருப்பவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

“நீ இதுல இல்லம்மா,” என்றான். “வேற ஏதாவது படமா இருக்கும். வயசாயிடுச்சுல்ல, குழப்பிக்கிற.”

அவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள். “அப்ப அக்கா யாரு கையடா புடிச்சிருக்கா?”

அவள் தன் வலது கையைத் தூக்கி மெல்லத் தேய்த்தாள். மரத்துப்போன மாதிரி இருக்கு என்று முனகிக்கொண்டே வெளியே போனாள். அவள் போன பிறகு அறையில் ஒரு வாடை மிச்சமிருந்தது. சீயக்காய் வாடை இல்லை. வெள்ளையடித்து இன்னும் காயாத சுவரின் வாடை.

சற்று நேரத்தில் அடுப்படியில் தம்ளர் விழுந்து உருண்டது. இன்னொன்று விழுந்தது. அவன் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். அம்மா தண்ணீர்க் குடத்தருகே நின்று மூன்றாவது தம்ளரை எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். முழங்கைவரை சரியாக இருந்தது. அதற்குக் கீழே இருந்தது கைதான், கையின் வடிவம்தான், ஆனால் அதன் மேல் தோல் இல்லை. பின்னாலிருந்த சுவரின் நீலச் சுண்ணாம்பும் அதில் அடித்திருந்த ஆணியும் நாட்காட்டியின் ஓரமும் அந்த வடிவத்துக்குள் கச்சிதமாக ஒட்டி நிரப்பப்பட்டிருந்தன. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்து, புதிய சுவரை வாங்கிக்கொண்டது.

அவள் அவனைப் பார்த்தாள். “தம்பி, எனக்கு என்னமோ பண்ணுதுடா.”

அம்மாவைத் தொட வேண்டும் என்று தோன்றியது. கால் பின்னால் போனது. அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, சென்னைக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மறுபடி. வியர்வையில் போன் நழுவியது.

“ஏங்க, சாப்பிட வாங்க,” ஜெயசுதா கூப்பிட்டாள்.

கூடத்தில் இரண்டு தட்டு இருந்தது.

“அம்மாவுக்கு?”

“எந்த அம்மாவுக்கு?” அவள் சிரித்தாள். “எங்கம்மாவா? அவங்க எங்க வந்தாங்க?”

“எங்கம்மாடி.”

சோறு போட்ட கரண்டி அப்படியே நின்றது. “என்னங்க ஆச்சு உங்களுக்கு? உங்களப் பெத்துப் போட்டதுமே அவங்க போயிட்டாங்கன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. இருட்டு ரூம்ல உக்காந்து உக்காந்து மூளை கலங்கிடுச்சு.”

சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கியது. அப்பா இருந்தார். அவர் பக்கத்தில் அம்மா நின்ற இடத்தில் மண்டபத்துத் திரைச்சீலை மடிப்புக் கலையாமல் தொங்கியது. நல்ல வேலை. ஒட்டு தெரியவில்லை. அவன் கண் பழக்கதோஷத்தில் ஓரங்களைத் தேடியது. அதை உணர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

போன் அடித்தது. சென்னையிலிருந்து சிந்து. படத்தைத் துடைக்கும் பெண், எப்போதும் உற்சாகமான குரல்.

“சார், சாரி சார், வேலையில இருந்தேன். கையை இறக்கி விட்டுட்டோம். இப்ப அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் தொங்கவிட்டு அழகா நிக்கிறா. யாருக்கும் சந்தேகமே வராது.”

“திருப்பிப் போடுங்க,” என்றான். “எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க. அது கறை இல்ல. அறுபத்து மூணு. அது குழந்தை.”

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

“சார், அது எப்படி சார்? பழசு மேலயே புதுசப் பதிஞ்சாச்சே. பழைய பிரதி பொடிஞ்சு போயிடுச்சு. முதல் தகடு இருந்தா அதிலேருந்து எடுக்கலாம். நீங்கதான் உடைச்சுட்டீங்களே.”

அவன் சுவரில் சாய்ந்தான்.

“ஒன்னே ஒன்னு விட்டுப்போச்சு சார்,” என்றாள் அவள். “தரையில அந்தக் கறையோட நிழல் மட்டும் நிக்குது. ஆளில்லாம நிழல். இப்பத்தான் பார்த்தேன். அதையும் எடுத்துடட்டுமா? நீங்க சரின்னா ரெண்டு நிமிஷ வேலை.”

“எடுக்காதீங்க.” அவன் கத்தினான். “தொடாதீங்க. அது இருக்கட்டும். அது அப்படியே இருக்கணும்.”

“நீங்க சொன்னா சரி சார். உங்க கண்ணு உங்க கண்ணுதான்.”

அவன் போனை வைத்தான். நிழல் இருக்கிறது. அவ்வளவாவது இருக்கிறது. அம்மாவில் அவ்வளவு மிச்சம்.

வீடு அமைதியாக இருந்தது. லாரிச் சத்தம்கூட நின்றிருந்தது. அடுப்படியிலிருந்து ஒரே ஒரு சத்தம். சரக். சரக். சரக்.

அவன் போனான்.

பகல் வெயில் சன்னல் வழியாக வெள்ளைத் தரையில் விழுந்திருந்தது. ஜெயசுதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டிபோட்டு, இரும்பு நாரால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே தரையில் ஒரு நிழல். உட்கார்ந்திருக்கும் நிழல். கொண்டை தெரிந்தது. கூனிய தோள் தெரிந்தது. அதன் மேலே, உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், யாருமில்லை.

“என்ன கறையோ தெரியலைங்க. தேய்க்கத் தேய்க்கப் போக மாட்டேங்குது.”

“விடு,” என்றான். “விடுடி அதை.”

“ஏன் விடணும்? யாராவது வந்தா என்ன நெனைப்பாங்க?”

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கழிவறை கழுவும் ஆசிட்டை எடுத்து ஊற்றிவிட்டாள். புகை எழுந்தது. கண் எரிந்தது. நிழலின் தோள் நுரைத்தது. அது துள்ளியது. சத்தமில்லாமல் துள்ளியது. இரண்டு கைகளும் முகத்துக்குப் போயின. வாய் இருக்கும் இடம் விரிந்தது. மூடியது. விரிந்தது.

“ஆ, போகுது பாருங்க. போகுது.”

நார் வேகமாக ஓடியது. நிழல் பின்வாங்கியது. பாதி இல்லை. மிச்சப் பாதி தரையில் ஊர்ந்தது. அவனை நோக்கி. மெதுவாக. விரல்விரலாக. அவன் அசையவில்லை. அது வந்துவிட்டது. குளிர்ந்த ஏதோ ஒன்று அவன் வலது கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. நடுங்கியது. இறுகப் பிடித்துக்கொண்டது.

ஜெயசுதா நுரைக்குள் தவழ்ந்தபடி அவன் பாதம்வரை வந்தாள். ஆசிட் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க கால்கிட்டயும் இருக்கு. கொஞ்சம் காலைத் தூக்குங்க.”

அவன் தூக்கினான்.