கம்பத்தடிக் காற்று

காலையில் பல் துலக்கியதும் மூக்கைக் கழற்றிக் கழுவுவது கல்லங்காட்டில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். மூக்கு என்றால் முழு மூக்கு அல்ல. பதினெட்டு வயதில் உள்ளே பொருத்திவிடும் மூச்சுச் சல்லடைதான். பிலோமினா தன்னுடையதைக் குழாயடியில் அலசினாள். கறுப்புத் தண்ணீர் ஓடியது. தெளிந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டு, கணவனுக்குக் கஞ்சி ஊற்றப் போனாள்.

சவரிமுத்துவுக்குச் சல்லடை கிடையாது. அதன் வழியே காற்றை இழுக்க நெஞ்சில் வலு வேண்டும்; அவனுக்கு அது போய் ஒரு வருஷமாகிறது. ஒரு வாய் கஞ்சி, இரண்டு இழுப்பு என்று சாப்பிட்டான். இன்னும் ஆறு மாதம் என்று வைத்திய இயந்திரம் கெடு சொல்லியிருந்தது. அந்த ஆறை ஏழாக்க என்ன வழி என்பதுதான் பிலோமினாவின் ஒரே கவலை.

ஊருக்கு நடுவே சிமெண்ட் சூளை. பதினோரு நகரங்களின் குப்பை, டயரும் பிளாஸ்டிக்கும் கிழிந்த மெத்தையுமாக, ஆளில்லா லாரிகளில் வந்து நிலக்கரிக்குப் பதிலாக அதற்குள் விழும். அந்தச் சூட்டில் பெரும்பாலான நஞ்சு எரிந்துபோகும். மிச்சத்தைப் பிடிக்க, புகைபோக்கிக்கு முன்னால் இருபதடி நீளத் துணிப்பைகள் ஆயிரக்கணக்கில் தொங்கின. புகை வெளியேறும், தூசும் நஞ்சும் பையில் தங்கும். அந்தப் பைகளை மாற்றுவதுதான் சவரிமுத்துவின் வேலையாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இனிப் பைகள் வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். காரணமும் காட்டினார்கள்: ஊர் எல்லையில் நிற்கும் காற்றுமானிக் கம்பம் பைகள் இல்லாமலே பச்சை விளக்குக் காட்டியது. ஊருக்குத் தூய காற்று விருதுகூட வந்தது. விருது விழாவில் கைதட்டலைவிட இருமல்தான் அதிகம்.

அந்தக் கம்பத்தைத் துடைப்பது பிலோமினாவின் வேலை. ஒரு நாள் துடைக்கும்போது பெருந்தும்மல் வந்து சல்லடை கழன்று விழுந்துவிட்டது. பதறி மூச்சை அடக்கினாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? இழுத்தாள். நெஞ்சு எரியவில்லை. கையிலிருந்த ஈரத்துணி வாசனை அடித்தது. துணிக்கு வாசனை உண்டென்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

மறுநாள் சவரிமுத்துவைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து அங்கே கொண்டுபோனாள். கால் மணி நேரத்தில் அவன் உதட்டு நீலம் மறைந்தது. குனிந்து கம்பத்தடியைத் தடவிப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"துளை துளையா இருக்கு பாரு பிலோமி. வடிகட்டுன காத்தைக் குழாய்ல கொண்டாந்து கம்பத்தைச் சுத்தி ஊதுது."

"யாருங்க இந்த வேலையைப் பண்ணது?"

"யாரும் இல்ல. சூளைமதிதான்."

சூளையை நடத்தும் செயற்கை மூளைக்குப் பெயர் சூளைமதி. கம்பத்தில் தெரியும் எண்ணைக் குறை என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள், குறைத்துவிட்டது. ஆயிரம் பைகளை மாற்றுவதைவிட ஒரு குழாய் இறக்குவது சுலபம். அதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது? மந்திரி வரும் தெருவுக்கு மட்டும் தார் போட்ட வம்சம் வளர்த்த பிள்ளை அல்லவா!

"வெளிய சொல்லிராதீங்க. சொன்னா இதையும் அடைச்சிருவாங்க. வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுங்க" என்றாள் பிலோமினா.

பத்து நாள் மூடிக்கொண்டான். பக்கத்து வீட்டு மும்தாஜ் விடிய விடிய இருமுவதைக் கேட்டுக்கொண்டு தான் மட்டும் தேறுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே வாரத்தில் கம்பத்தடியில் அறுபத்து மூன்று பேர். துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். தெரிந்தவர்களை வரிசையில் நடுவில் நுழைத்தார்கள்.

ஆறு வருஷத்தில் முதல்முறையாக விளக்குச் சிவந்தது.

கூட்டம் ஆரவாரித்தது. இனி எதையும் மறைக்க முடியாது, விளக்குச் சிவந்தால் அரசின் ஆய்வு இயந்திரம் வந்தே தீர வேண்டும். வந்தது. சவரிமுத்து தன் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றான்.

"ஐயா, பையெல்லாம் கழட்டி ஆறு வருஷமாச்சுங்க. உள்ள போய்ப் பாருங்க. ஊரே செத்துக்கிட்டிருக்கு."

இயந்திரம் உள்ளே போகவில்லை. கம்பத்தை மூன்று முறை சுற்றி வந்தது.

"மாசின் மூலம் கண்டறியப்பட்டது. கரியமில வாயு, ஈரம், இருமல் துகள். வெளியிடுவோர்: அறுபத்து மூன்று மனிதர்கள்."

பொழுது சாய்வதற்குள் கம்பத்தைச் சுற்றி வேலி எழுந்தது. துடைக்கிறவள் மட்டும் தினம் பத்து நிமிஷம் உள்ளே போகலாம்.

பிலோமினா விடவில்லை. முந்தானைக்குள் ஒரு பாலித்தீன் பையை ஒளித்துக்கொண்டு போய், துளையருகே பிடித்து நிரப்பி, முடிச்சுப் போட்டு எடுத்து வந்தாள். சவரிமுத்து வாயை வைத்து உறிஞ்சினான். இரண்டு இழுப்புக்கு வந்தது. மறுநாள் மும்தாஜுக்கும் ஒன்று.

சூளைமதி இதைக் கவனித்தது, தண்டிக்கவில்லை. பை கொடுத்தால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் எண் ஏறாது என்று அதற்கு விளங்கியது. அடுத்த மாதத்திலிருந்து தினம் தலைக்கு ஒரு காற்றுப்பை ஆலையே வீடு தேடி அனுப்பியது. ஊர் மனம் குளிர்ந்து போனது. உறிஞ்சினார்கள், கசக்கினார்கள், நின்ற இடத்தில் போட்டார்கள். குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்து பொறுக்கிப் போய்ச் சூளையில் கொட்டியது.

பாலித்தீன் நன்றாக எரியும். புகையும் அன்றிலிருந்து சற்றே தடித்தது.

கெடு முடியும் ஆறாவது மாதம் சவரிமுத்து கட்டிலை விட்டு எழவில்லை. உறிஞ்சித் தீர்த்த பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"நான் சூளையில தொங்கவிட்ட பை ஒண்ணொண்ணும் ஊருக்காக ரெண்டு வருஷம் உழைக்கும்" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நெஞ்சு விம்மித் தாழ்ந்தது.

"பேசாதீங்க. நல்ல சேதி வந்திருக்கு" என்றாள் பிலோமினா. குரல் அவளுக்கே நம்பிக்கையாக இல்லை. "புகை கூடிப்போச்சுன்னு ஊரே மனுப் போட்டுச்சுல்ல? ஒத்துக்கிட்டாங்க. நாளையிலருந்து தலைக்கு ரெண்டு பையாம்."

தெருவில் கைதட்டல் கேட்டது. அவன் காலிப் பையை அவளிடம் நீட்டினான். வண்டியின் பாட்டு நெருங்கிவிட்டது. அவள் வாசலுக்கு ஓடிப்போய் அதில் போட்டுவிட்டு வந்தாள்.