கல்லாகிப் போன கை

"கையை எடுங்க."

சிசுரு சொன்ன வேகத்தில் வேறு யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அந்த நெட்டையன் எடுக்கவில்லை.

ஜப்பானின் கனசாவா நகரில் காலையிலிருந்தே மழை. நூறு யென் கடை முழுக்க ஈரக் குடைகளின் வாசனை. நூல் அடுக்கில் ஒரே ஒரு வெள்ளை உல்லன் உருண்டைதான் மிச்சம். அதன் ஒரு பக்கம் அவள் விரல்கள்... மறுபக்கம் அவன் விரல்கள். அவன் நெற்றியில் மழைத்துளி வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கிறதாக இல்லை.

அவளுக்கு அது கட்டாயம் வேண்டும். அக்கா மியோரிக்கு அடுத்த வாரம் கல்யாணம். விருந்துக்குப் புசுபுசுவென்று வெள்ளை பொம்பொம் நூல் பந்துகள் நானே வீட்டில் செய்து தருகிறேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். மற்ற மேசைகளுக்கு முடிந்துவிட்டது. மணமக்கள் மேசைக்குத்தான் நூல் பற்றவில்லை.

"நான்தான் முதல்ல பார்த்தேன்," என்றான் அவன்.

"பார்த்தா ஆச்சா? நானுந்தான் தினம் நிலாவைப் பார்க்கறேன்."

அவன் சிரித்துவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சரி, கையால் கல், கத்தரி, காகிதம் ஆட்டம் போட்டுத் தீர்த்துக்கொள்வோம் என்று அவளே சொன்னாள். அவள் அலுவலகத்தில் கடைசிக் கேக் துண்டுக்கும் அதுதான் தீர்ப்பு.

கையை ஆட்டி, கல், கத்தரி, காகிதம் என்று சொன்னார்கள். அவளுடைய இரண்டு விரல்கள் பளிச்சென்று நீண்டன... கத்தரி. அவன் கை ஒரு நொடி கழித்துத்தான் கீழே வந்தது. மூடிய கை. கத்தரியை உடைக்கும் கல்.

பிந்தி நீட்டிவிட்டான்! எதிராளி கையைப் பார்த்துவிட்டு நீட்டுகிறவனை நர்சரிப் பிள்ளைகள்கூட ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. உருண்டையை அவன் கையில் அடிக்காத குறையாக வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டும்போதெல்லாம் அந்த ஈர நெற்றி வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் சேர்ந்து அலங்கார வேலை. போகும்போதே மியோரி கெஞ்சினாள். "என் மாமியார் சகுனம் பார்க்கறவங்கடி. இன்னிக்கு ஒருநாள் வாயைக் கட்டிக்கிட்டு இரு. நான் அந்த வீட்டுலதான் வாழப்போறேன்."

சிசுரு சத்தியம் செய்தாள். கதவு திறந்தது. திறந்தவன்... அவன்!

மாப்பிள்ளையின் அண்ணனாம், அவள் இதுவரை பார்த்ததில்லை. பெயர் சோஹேய். உள்ளே மேசைமேல் அதே வெள்ளை உருண்டை. அவன் அம்மா வாங்கிவரச் சொன்னாராம், மணமக்கள் மேசைக்கு. எப்படியும் ஒரே கல்யாணத்துக்குத்தானே வந்து சேர்ந்தது என்று அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல காரியத்துக்கு ஏமாற்றி வாங்கிய நூலா என்று கோபம்தான் பொங்கியது.

அவன் எதிரில் உட்கார்ந்து, ஒரு முள்கரண்டியில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் பால் டப்பா அட்டையை நறுக்கி அதில் சுற்றினாள். அவன் அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்தவன் நேரே கத்தரிக்கோலை எடுத்தான். நடுவில் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை.

"ஐயோ, வெட்டாதீங்க. கட்டறதுக்கு முன்னாடி வெட்டினா எல்லாம் பிரிஞ்சு போயிடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வெட்டுவது, பிரிவது... கல்யாண வீட்டில் நாக்கில் வரக்கூடாத வார்த்தைகள். கேக்கைக்கூட அங்கே யாரும் 'வெட்டு' என்று சொல்ல மாட்டார்கள், 'கத்தி வை' என்றுதான் சொல்வார்கள். மியோரியின் முகம் வெளுத்துவிட்டது. மாமியார் கெண்டியைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுல இப்படித்தான் பேசுவீங்களாம்மா?" என்று மியோரியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

சிசுரு தரையில் நெற்றி பட வணங்கி மன்னிப்புக் கேட்டாள். உள்ளே கொதித்தது. தப்பு செய்யப் போனவன் ஒருத்தன், ஏச்சு அக்காவுக்கா? எல்லாம் இவனால்.

"அம்மா, கத்தரியை எடுத்தது நான்," என்றான் சோஹேய். "அவங்க வேண்டாம்னுதானே சொன்னாங்க? முதல்ல கட்டுன்னாங்க. கல்யாண வீட்டுக்கு இதைவிட நல்ல வார்த்தை எது?"

அம்மா மகனையே பார்த்தார். பிறகு சிசுருவைப் பார்த்தார். கண்ணோரத்தில் ஏதோ தளர்ந்தது. நூல் துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்போ நீயே கட்டிக் காட்டும்மா. நல்லா இறுக்கி."

விரல் சிவக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டினாள். "இப்போ கத்தரியை வை," என்றார் அம்மா ஜாக்கிரதையாக. வளையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கெண்டியின் ஆவியில் காட்டி உருட்டியதும் பந்து புசுபுசுவென்று மலர்ந்தது. மியோரி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அக்கா இரவுச் சாப்பாட்டுக்குத் தங்கிவிட்டாள். சிசுரு கிளம்பியபோது மறுபடி மழை. பஸ் நிறுத்தம் வரை சோஹேய் குடை பிடித்து வந்தான். குடை முழுக்க அவள் பக்கம், அவனுடைய ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் அவளால் விட முடியவில்லை.

"காப்பாத்தினதுக்கு நன்றிங்க. ஆனா அன்னிக்கு நீங்க பிந்தித்தான் நீட்டினீங்க."

"நான் நீட்டவே இல்லைங்க."

"என்னது?"

"கோபமா என்னைப் பார்த்தீங்களே... அந்தக் கண்ணைப் பார்த்ததுல கையைத் திறக்கவே மறந்துட்டேன். அது வெறும் மூடின கை. நீங்கதான் கல்லுன்னு எடுத்துக்கிட்டீங்க. சொல்லலாம்னா, உருண்டையைத் திணிச்சிட்டு ஓடிட்டீங்க." அவன் காது சிவந்திருந்தது. "இன்னிக்கும் அதே கதைதான். உங்களைப் பார்த்துக்கிட்டே சுத்தினேன்... கட்டறதை மறந்துட்டேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

"நம்ப மாட்டேன். இப்போ மறுபடி போடுங்க," என்றாள்.

குடைக்குள் இருவரும் கையை ஆட்டினார்கள். குடை விளிம்பில் மழை சொட்டியது. அவன் கண்கள் இவ்வளவு கிட்டத்தில்... பழுப்பு நிறம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பஸ் வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவன் கை மூடியே இருந்தது. குனிந்து பார்த்தாள். அவள் கையும்தான்.

"கல்லா?" என்று கேட்டான் அவன்.

"இல்லைங்க..." என்றாள் சிசுரு. "எனக்கும் மறந்துபோச்சு."