சுரங்க வாசலில் ஒரு ஜோடி

ட்ரிங்... ட்ரிங்...

மோகனராஜ் துள்ளி எழுந்து கைப்பேசியை எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் சந்திரிகா. உங்க ஃபிளாட்டுக்குக் கீழதான் நிக்கறேன்."

"என் வைஃப் ரூபினி கிடைச்சிட்டாளா, மேடம்?"

"மேல வந்து பேசறேன்லா."

லிஃப்ட் வருவதற்குள் ஹாலை எட்டு முறை நடந்தான். ஜன்னலுக்குக் கீழே ஆயர் ஈத்தாம் சந்தை இரைந்தது. சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தினான்.

ஒரு மெசேஜ். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் சுபாஷினி!

'முடிஞ்சதா? நம்ம கல்யாணம் எப்போ?'

அழித்தான்.

முடிந்துதான் இருந்தது! நேற்று, தெற்கே நான்கு மணி நேரம் கார் ஓட்டி, காட்சிக்காகப் பாதுகாக்கும் அந்தப் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்கு மனைவியை அழைத்துப் போனான். உள்ளே போகிறவர்கள் வாசல் பலகையிலிருந்து ஆளுக்கொரு பித்தளை வில்லை எடுத்துப்போய், திரும்பியதும் மாட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் காவலர் தேடி வருவார்.

"நீ தொலைச்சிடுவே" என்று ரூபினியின் வில்லையை அவனே வாங்கிக்கொண்டான். கடைசிக் குகையில் அவளைத் தள்ளி இரும்புக் கதவைத் தாழிட்டான். வெளியே வந்து இரண்டு வில்லைகளையும் மாட்டினான்.

சுத்தம்!

சந்திரிகா வந்து உட்கார்ந்தாள். "மறுபடி சொல்லுங்க."

"பட்டர்வொர்த் வரைக்கும் கார்லதான் வந்தா, மேடம். சண்டை... கெப்பாலா பத்தாஸ்ல அம்மா வீட்டுக்குப் போறேன்னு இறங்கிட்டா."

"சுரங்கத்துல கேட்டாச்சு. ரெண்டு வில்லையும் பலகையில இருக்காம்."

அப்பாடா!

"இறங்கறப்ப கால்ல என்ன போட்டிருந்தாங்க?"

"சிவப்புச் செருப்பு. தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது."

"நல்லா பார்த்தீங்களா?"

"டக்கு டக்குனு சத்தம் போட்டுக்கிட்டே போனா, மேடம்!"

சந்திரிகா ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தாள்.

சிவப்புச் செருப்பு... ஒரு ஜோடி!

"சுரங்க வாசல்ல முனீஸ்வரர் இருக்காரு. உங்க வைஃப் செருப்பைக் கழட்டிக் கும்பிட்டுட்டு, அங்க கொடுத்த பூட்ஸை மாட்டிக்கிட்டு உள்ள போனாங்க. நீங்கதான் சாமி கும்பிடாத ஆளாச்சே! ஷூவோட முன்னாடியே போயிட்டீங்க, உள்ள இருட்டுல அவங்க காலைக் கவனிக்கவே இல்ல. மூடற நேரத்துல காவலர் இப்ராஹிம் செருப்பைப் பார்த்தாரு. எந்தப் பொம்பள செருப்பை விட்டுட்டு வீட்டுக்குப் போவான்னு டார்ச் எடுத்துக்கிட்டு உள்ள போனாரு."

மோகனராஜ் பின்வாங்கினான். "அப்போ... ரூபினி..."

வராந்தாவில் கனத்த காலடி.

தொம்... தொம்...

கரி படிந்த சுடிதாரோடு ரூபினி நின்றாள்!

"இன்னும் அந்த பூட்ஸைக் கழட்டலையாம்மா?" சந்திரிகா சிரித்தாள்.

"இரவல்தான்க்கா. இவருக்கு ஒரே ஒரு உதை விட்டுட்டு இப்ராஹிம் அண்ணேகிட்ட பத்திரமா திருப்பிக் கொடுத்திடறேன்!"