சாவி தரமாட்டேன்!

"இன்ஜின் போச்சுக்கா. அவ்வளவுதான்."

சொன்னவர் பிரவீன்ராஜ். ஓடாத வண்டிகளை வாங்கி, உடைத்து, இரும்பாக விற்பது அவர் தொழில்.

வீரம்மாள் மறுபடியும் சாவியைத் திருகினாள். கிர்ர்ர்... கிர்ர்ர்... வண்டி இருமியது. கிளம்பவில்லை.

ஸ்ரீரங்கம் மேலூர் சாலையில் அந்தப் பழைய பிக்கப் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. தோட்டத்து வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தினமும் காந்தி மார்க்கெட்டுக்குப் போகும். ஓட்டுவது வீரம்மாள். லீவு நாளென்றால் பக்கத்து சீட்டில் அவள் மகள் யமுனா. ஆறாம் வகுப்பு.

"அஞ்சு மணிக்கு வந்து கட்டி இழுத்துட்டுப் போயிடறேன். சாவியைக் கொடுங்கக்கா."

"இதுவும் போச்சுன்னா, பழையபடி அடுத்தவங்க வண்டிக்குக் கட்டு தூக்கப் போகவேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடி வீரம்மாள் சாவியை நீட்டினாள்.

நடுவில் ஒரு கை வந்தது. சாவி யமுனாவின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"தரமாட்டேன்."

"யமுனா! பெரியவங்க பேசறப்ப என்ன இது?"

"இன்ஜின் போகலைம்மா. நீ சாவியைத் திருப்பினதும் பின்னாடி 'உய்ங்'னு ஒரு சத்தம் வருமில்ல? அது இன்னைக்கு வரவே இல்லை."

பிரவீன்ராஜ் சிரித்தார். "அது ஏதாவது காக்காயா இருக்கும் பாப்பா."

"அம்மா சாவியைத் திருப்பறப்ப மட்டும் கத்தற காக்காயா அண்ணே?"



யமுனா சத்தம் வரும் இடத்தில், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே பெட்ரோல் டேங்கு இருந்தது. "அம்மா, நம்ம வீட்டுத் தண்ணி மோட்டார் சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவே?"

"ஒரு தட்டு தட்டுவேன்."

யமுனா சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். தன் ரப்பர் செருப்பைக் கழற்றினாள்.

"என்னடி பண்றே? பார்க்கறவங்க சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். நீ திருப்பு."

பட்! பட்! பட்! பெட்ரோல் டேங்குக்குச் செருப்படி விழுந்தது. எங்கிருந்தோ மெலிசாக ஒரு 'உய்ங்'. அடுத்த நொடி வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது!

அரை நிமிஷம் ஓடியது. நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா? இன்ஜின் நல்லாத்தான் இருக்கு!"

"செருப்படி வாங்கி ஓடற வண்டியில மார்க்கெட் வரைக்கும் போவியா?" என்றார் பிரவீன்ராஜ். "ரிப்பேருக்கு டேங்கை இறக்கவே ரெண்டு நாள் ஆகும். நான் அஞ்சு மணிக்கு வரேன்."

"வாங்க" என்றாள் யமுனா. சாவி மறுபடி அவள் பைக்குள் போனது. "ஆனா தரமாட்டேன்."

அடுத்த தெருவிலிருந்து மெக்கானிக் முகம்மது கனியைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் சாவியைத் திருப்பச் சொல்லி, டேங்குக்குப் போகும் ஒயரில் ஒரு சின்ன பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தது.

"கரண்ட் வருது, பம்பு சுத்தலை. பாப்பா சொன்னது சரி. பெட்ரோல் பம்புதான் போயிடுச்சு. டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஏம்மா, பெட்ரோல் எவ்வளவு போடுவீங்க?"

"அன்னைக்கு ஓட்டத்துக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவு."

"அதான் விஷயம். பம்பு பெட்ரோல்ல முங்கியிருந்தாத்தான் சூடாகாது. நீங்க அடியில கொஞ்சமா ஊத்தி ஊத்தி அதை வறுத்தே எடுத்துட்டீங்க."

வீரம்மாளின் முகம் சுருங்கியது. "அப்ப என் தப்புதானா பாய்?"

யமுனா நடுவில் புகுந்தாள். "அதனால என்னம்மா? பாய், டேங்கு காலிதானே? இறக்கறப்ப கனமே இருக்காதே!"

கனி பாய் டேங்கைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது. "அட, ஆமா! நிறைஞ்சிருந்தா நாலு பேர் வேணும். இப்ப நானும் அம்மாவுமே போதும்."

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். "பெட்ரோல் வேலை. நெருப்பு பக்கத்துலயே வரக்கூடாது" என்றார். அந்தக் காவல் யமுனாவுக்கு. பீடியோடு வந்த ஒரு பெரியவரை அவள் தெருமுனைக்கே திருப்பி அனுப்பினாள்.

"நான் என் வீட்டுக்குப் போகணும்மா!"

"பீடியை அணைச்சுட்டு வாங்க தாத்தா. வீடு எங்கேயும் போகாது."

டேங்கு இறங்கியது. பழைய பம்பு கறுத்துப் போயிருந்தது. இதேபோல் பார்த்து வாங்க வேண்டுமென்று அதைப் பையில் போட்டுக்கொண்டு, வீரம்மாள் பஸ் ஏறிப் பாலக்கரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது மணி நாலு.

கனி பாய் புதுப் பம்பைப் பொருத்தினார். ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டார். டேங்கு மேலே ஏறியது. பங்கிலிருந்து கேனில் வாங்கி வந்த பெட்ரோல் உள்ளே இறங்கியது. பேட்டரி ஒயரை அவர் முறுக்கும்போதே தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய வண்டி வந்து நின்றது.

பிரவீன்ராஜ் சங்கிலியோடு இறங்கினார். "மணி அஞ்சு. சாவி எங்கே?"

"இதோ" என்று யமுனா எடுத்தாள். அம்மாவின் கையில் வைத்தாள்.

வீரம்மாள் திருப்பினாள். உய்ங்! ஒரே திருகல். வண்டி கிளம்பியது. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. நிற்கவே இல்லை.

பிரவீன்ராஜ் சங்கிலியைத் தன் வண்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டார்.

யமுனா ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அண்ணே, உங்க வண்டியைக் கொஞ்சம் ஓரமா எடுங்க. தோட்டத்துல எங்களுக்காக இலைக் கட்டு காத்திருக்கு."