மூன்றாவது வீட்டில் தண்ணீர் இல்லை!

போன் அடித்தது.

பட்டாபி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அடித்தது அவனுடைய போன் இல்லை.

சத்தம் மேஜை டிராயருக்குள் இருந்து வந்தது.

செத்துப் போனவனின் போன்!

அவசரமாக டிராயரை இழுத்தான். திரையில் ஒரு பெயர் மின்னியது.

'பத்மஜா மேடம்.'

"அவளேதான்... புகார் குடுத்தாச்சான்னு கேக்கறா போலருக்கு..." என்று முனகினான். போனை அணைக்கப் பார்த்தான். வியர்வையில் விரல் வழுக்கியது. இரண்டாவது தடவையில்தான் அணைந்தது.

காலை பத்து மணி. ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டி. அதன் மாடியில் ஒற்றை அறை. அதுதான் பட்டாபியின் ஆபீஸ். கீழேயிருந்து ஏறி வரும் நெடியில் புதிதாக வருகிற யாரும் தும்மாமல் உட்கார்ந்ததில்லை. பட்டாபிக்குப் பழகிவிட்டது. இருபது வருடமாக இங்கே உட்கார்ந்துதான் வீடு விற்றுக் கொடுத்துக் கொண்டிருக்கிறான்.

எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி ஃப்ரேம் தொங்கியது. உள்ளே படம் இல்லை. வெறும் அட்டை.

அந்த ஃப்ரேமுக்காகத்தான் நேற்று ஒரு கொலை!

இப்போதெல்லாம் வீடு விற்பனையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ரெராவில் பதிந்து நம்பர் வாங்காத புரோக்கரை ஃபிளாட் கட்டுகிற பில்டர்கள் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பட்டாபி கையில் மிஞ்சியிருந்தது மூன்றே மூன்று பழைய காலி வீடுகள். அவையும் போனால் நாற்பத்திரண்டு வயதில் எவனுடைய ஹோட்டலிலாவது போய் டோக்கன் கிழிக்க வேண்டும். எனவே பான் கார்டு, ஆபீஸ் வாடகைச் சீட்டு, வருமான வரி பேப்பர், போட்டோ எல்லாம் சேர்த்து அப்ளை செய்திருந்தான். ஃபாரத்தில் ஒரு கேள்வி இருந்தது.

'உங்கள் மேல் கிரிமினல் கேஸ் ஏதாவது உண்டா?'

'இல்லை' என்று எழுதினான். எழுதிய அன்றைக்கு அது உண்மைதான்.

சர்டிபிகேட் வந்ததும் சுவரில் மாட்ட வேண்டும் என்று அன்றே ஃப்ரேமும் வாங்கிவிட்டான். அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

நேற்று மாலையும் அப்படித்தான் அவசரப்பட்டான்.

நாலரை மணி. வலியசாலையில், கிள்ளியாற்றை ஒட்டிய கடைசி வீடு. பட்டாபி அங்கே ஜன்னல்களைத் திறந்து காற்று விட்டுக் கொண்டிருந்தபோது சிவதாணு வந்தான். நாகர்கோவில்காரன். அவனும் புரோக்கர். பத்து வருடமாகப் பட்டாபியோடு சேர்ந்து தொழில் பார்க்கிறவன்.

"ஓய் பட்டாபி! பத்மஜா மேடத்தைப் பாத்துட்டு வாரேன், கேட்டீரா?"

பட்டாபி ஜன்னலை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அண்ணனும் தங்கையும் தங்கள் வீட்டை விற்றார்கள். தங்கை பத்மஜா பெங்களூரில் இருந்தாள். அவளுடைய சம்மதக் கடிதம் வந்து சேரவில்லை. பார்ட்டி கையை விட்டுப் போய்விடுமே என்ற பதற்றத்தில் பட்டாபியே அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டான்! அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் சிவதாணு. போன மாதம் பத்மஜா ஊருக்குத் திரும்பியதும் விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது. அவள் புகார் கொடுத்தால் சர்டிபிகேட் கிடைக்காது.

"அவளை எதுக்குடா போய்ப் பாத்தே?"

"எழுதி வாங்கியாச்சு வே! நாளைக்கு நேரா ரெரா ஆபீஸ்ல கொண்டு குடுக்கப் போறேன்." சிவதாணு சட்டைப் பையைத் தட்டிச் சிரித்தான்.

"என்ன எழுதி வாங்கினே? காட்டு!"

"சும்மா காட்டுவனா? மொதல்ல ஒரு காப்பி வாங்கித் தாரும்... அப்பறம் காட்டுதேன்."

போன மாதம்தான் இருவருக்கும் சண்டை. 'நீரு சர்டிபிகேட் வாங்கிட்டுப் போயிட்டா நான் தெருவுலயா நிக்கணும்?' என்று இதே சிவதாணு கத்தியிருந்தான். இப்போது சிரிக்கிறான். பட்டாபிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

சிவதாணு கொல்லைப்பக்கம் போனான். போனைத் துவைக்கிற கல்லில் வைத்தான். முகம் கழுவக் கிணற்றுக்குள் வாளியை விட்டுக் குனிந்தான்.

கிணற்றுச் சுவர் முட்டளவு உயரம்தான்.

பட்டாபி இரண்டு கையாலும் தள்ளினான்!

"பட்டாபி...! கயிறு... கயிறைப் போடும் ஓய்...!"

கயிறு காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பட்டாபி இரண்டு காதையும் பொத்திக் கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கையை எடுத்தபோது கிணற்றில் சத்தம் இல்லை. பக்கத்தில் கிடந்த தகரத்தை இழுத்துக் கிணற்றை மூடினான். கல்லில் இருந்த போனை எடுத்துக் கொண்டான். கொல்லைக் கதவைப் பூட்டினான். புகார் பேப்பரும் சிவதாணுவோடு தண்ணீருக்குள் போய்விட்டது என்று நிம்மதிப்பட்டான்.

அந்த நிம்மதி இன்று காலை பத்து மணி வரை இருந்தது...

"ஹச்!"

மாடிப்படியில் தும்மல்! பட்டாபி சட்டென்று டிராயரை மூடினான்.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி மூக்கைத் துடைத்துக் கொண்டே உள்ளே வந்தாள். கூலிங் கிளாஸ். தோளில் பெரிய பை. பேச்சில் மலையாளம் கலந்திருந்தது.

"பட்டாபி சார் அல்லே? நான் ஸ்மிதா. மஸ்கட்ல நர்ஸா இருக்கேன். வலியசாலை, கரமனை பக்கம் பழைய வீடு ஒண்ணு வேணும். ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். இன்னைக்கே பாக்கணும், கேட்டோ."

"உக்காருங்கோ. பேஷா பாக்கலாம்."

அவள் சுவரைப் பார்த்தாள். "இதென்ன... படமே இல்லாத ஃப்ரேம்?"

"சர்டிபிகேட் வரப் போறது. வந்தா மாட்டறதுக்கு."

"வர்றதுக்கு முன்னாடியே ஃப்ரேமா? அடிபொளி!" என்று சிரித்தாள். "உங்க கையில மூணு வீட்டுச் சாவி உண்டுன்னு சொன்னாங்க."

"ரெண்டுதான். மூணாவது முடிஞ்சு போச்சு."

"முடிஞ்ச வீட்டு வாசல்ல உங்க போர்டு எதுக்கு தொங்குது? ஆத்தங்கரை வீடுதானே? வர்ற வழியில பாத்தேனே!"

பட்டாபி மனதுக்குள் தன்னையே திட்டிக் கொண்டான். போர்டைக் கழற்ற மறந்துவிட்டான்! இனி மறுத்தால் சந்தேகம் வரும். காட்ட மாட்டேன் என்கிற புரோக்கர் உலகத்தில் உண்டா?

"அதுவா... அந்தப் பார்ட்டி இன்னும் உறுதி சொல்லலை. காட்டறேன், வாங்கோ."

முதல் வீடு கரமனை.

பட்டாபி கதவைத் திறந்தான். கூடத்தில் நிற்காமல், அறைகளைக் காட்டாமல், ஸ்மிதாவை நேராகக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனான்.

"எங்கிட்ட மொதல்ல கிணறு. அப்புறம்தான் வீடு. இருவது வருஷமா இதான் என் வழக்கம். தண்ணி நன்னாயில்லாத ஆம் ஒரு வீடா?"

வாளியில் நீர் இறைத்தான். இரண்டு கையிலும் ஏந்தி மடமடவென்று குடித்துக் காட்டினான். ஸ்மிதா தன் பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"அதைத் தூக்கிப் போடுங்கோ!" என்று பட்டாபி பதறினான். "பாட்டில் தண்ணியெல்லாம் மனுஷா குடிக்கறதா? பொறந்ததுலேர்ந்து நான் அதை வாயில விட்டதில்லை."

தொழில் பேச்சு வந்ததும் அவனுக்கு நேற்றைய விஷயமே மறந்திருந்தது.

இரண்டாவது வீடு வலியசாலையில், கோயிலுக்குப் பின்னால்.

"இங்கேயும் மொதல்ல வெள்ளம் குடிக்கணுமா?" ஸ்மிதா சிரித்தாள்.

"பின்னே? கல்கண்டு மாதிரி இருக்கும், பாருங்கோ."

இறைத்தான். குடித்தான். அவளையும் குடிக்க வைத்தான்.

"கொள்ளாம், நல்லா இருக்கு," என்றாள். "இனி அந்த மூணாவது வீடு."

மூன்றாவது வீட்டுக்கு அவள் காரில் போனாள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த பட்டாபி ஒரு பெட்டிக்கடை முன்னால் நிறுத்தினான். எதையோ வாங்கிப் பைக்குள் போட்டுக் கொண்டான்.

வாசலில் நின்று சாவியை எடுத்தான். உள்ளே, கொல்லையில், ஒரு தகரத்துக்குக் கீழே... பத்து வருடம் ஒரே தம்ளரில் பாதிப் பாதி டீ குடித்தவன் கிடக்கிறான்!

'பத்து நிமிஷம். காட்டிட்டுப் பூட்டிடணும். பொண்ணு ஞாயித்துக்கிழமை போயிடுவா.'

கதவைத் திறந்தான்.

"இது கூடம். தரையைப் பாருங்கோ, பழைய ஆத்தங்குடிக் கல்லு. இது பூஜை ரூம். கதவெல்லாம் தேக்கு. இது அடுக்களை..."

வேக வேகமாகப் பேசினான். அடுக்களையோடு நின்றான்.

"கொல்லைப்பக்கம்?" என்றாள் ஸ்மிதா.

"அந்தப் பூட்டு துருப்பிடிச்சுடுத்து. நாளைக்கு ஆளை விட்டுத் தொறக்கறேன்."

"ஓ!" அவள் நெற்றியைத் துடைத்தாள். "என்ன சூடு! குடிக்க கொஞ்சம் வெள்ளம் கிடைக்குமா சார்?"

பட்டாபி இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். பையில் கை விட்டான். பெட்டிக்கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

ஸ்மிதா வாங்கவில்லை.

பாட்டிலைப் பார்த்தாள். பட்டாபியைப் பார்த்தாள். கூலிங் கிளாஸைக் கழற்றினாள்.

"பொறந்ததுலேர்ந்து வாயில விடாத சாதனத்தை கடையில நின்னு வாங்கிட்டு வந்திருக்கீங்க, அல்லே?"

"அது... உங்களுக்காக..."

"ரெண்டு வீட்டுல மொதல்ல கிணறு, அப்பறம் வீடு. இங்க மட்டும் வீடு உண்டு... கிணறு இல்ல. ஏன் சார்?"

பட்டாபி பாட்டிலைப் பைக்குள் திணிக்கப் பார்த்தான்.

அவள் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"சப்-இன்ஸ்பெக்டர் ஸ்மிதா. மஸ்கட்ல எனக்கு யாரும் இல்ல."

பட்டாபி வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தோளில் வடக்கயிற்றைச் சுற்றிக் கொண்டு, கிணறு இறைக்கிற சொரிமுத்து.

"தாகத்துக்குத் தண்ணி குடுத்தா குத்தமா?" பட்டாபி கத்தினான். "என்ன அநியாயம் இது?"

"காலையில சிவதாணுவோட பெண்டாட்டி சுஜா ஸ்டேஷனுக்கு வந்தாங்க," என்றாள் ஸ்மிதா அமைதியாக. "புருஷன் நேத்து பத்மஜாவைப் பாத்துட்டு, பட்டாபி கூட ஒரு காலி வீட்டுல பேசணும்னு போனாராம். எந்த வீடுன்னு அவங்களுக்குத் தெரியல. நான் உங்க மாடிப்படி ஏறும்போது பத்மஜா மேடத்தை விட்டு சிவதாணு நம்பருக்கு அடிக்கச் சொன்னேன். உங்க ரூம்லதான் அடிச்சது!"

பட்டாபி சுவரோரமாக நகர்ந்தான்.

"ஆள் உயிரோட எங்கயாவது அடைஞ்சு கிடக்கலாம். உங்களைப் பிடிச்சா வாயே தொறக்க மாட்டீங்க. அதனால உங்க தொழிலைச் செய்ய விட்டேன். மூணாவது வீட்டை நீங்க மறைக்கப் பாத்தப்பவே சொரிமுத்துவையும் வரச் சொல்லிட்டேன். நீங்களே வீடு வீடா கூட்டிட்டுப் போய் காட்டித் தந்தீங்க. தேங்க்ஸ், கேட்டோ!"

கொல்லைக் கதவை இரண்டே உதையில் திறந்தார்கள். தகரத்தை இழுத்தார்கள். சொரிமுத்து கயிற்றைக் கட்டிக் கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரம் தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவன் குரல் கிணற்றுக்குள் இருந்து நடுங்கிக் கொண்டே ஏறி வந்தது.

"அம்மா... ஆள் கெடக்கு அம்மா... கை ரெண்டும் படிக்கல்லப் புடிச்ச மேனிக்கே இருக்கு..."

பட்டாபி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிவதாணுவை மேலே கொண்டு வந்து கிடத்தினார்கள். மழை ஊர் இது. பேப்பரை பிளாஸ்டிக் கவரில் போடாமல் எந்த புரோக்கரும் வெளியே கிளம்ப மாட்டான். சிவதாணுவும் போட்டிருந்தான். ஸ்மிதா கையுறை மாட்டிக் கொண்டு அவன் சட்டைப் பையில் இருந்து கவரை எடுத்தாள். பேப்பர் நனையவில்லை. பட்டாபியின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"படிங்க சார். இதுக்காகத்தானே?"

பத்மஜாவின் கையெழுத்து. இந்தத் தடவை அவளே போட்டது.

'எனக்கும் என் அண்ணனுக்கும் சமாதானம் ஆகிவிட்டது. திரு. பட்டாபி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவருக்கு ரெரா பதிவு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.'

பட்டாபி இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை. கண் நிறைந்து விட்டது.

"மூணு நாளா அவங்க வாசல்ல போய் நின்னு கெஞ்சி வாங்கினாராம்," என்றாள் ஸ்மிதா. "'பட்டாபிக்கு நம்பர் கெடைச்சா எனக்கும் அவர்கிட்ட வேலை உண்டு'ன்னு பத்மஜா மேடத்துக்கிட்ட சொல்லியிருக்கார்."

"அப்படின்னா... நேத்திக்கு ஏன் காட்டலை? ஏன்டா காட்டலை?" பட்டாபி சடலத்தைப் பார்த்துக் கதறினான். "ஒரு காப்பிக்காகவாடா...?"



'டிங்!'

பட்டாபியின் போனில் மெசேஜ். ஒரு போலீஸ்காரர் அவன் பையில் இருந்து போனை எடுத்து ஸ்மிதாவிடம் கொடுத்தார். அவள் படித்தாள்.

"அப்ளிகேஷன் அப்ரூவ்டு. ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வந்தாச்சு. அஞ்சு வருஷம் செல்லும்."

பட்டாபி தலையில் அடித்துக் கொண்டு அழுதான். கையில் விலங்கு ஏறியது. அவன் வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக் கொண்டே இருந்தது.

"என் ஃப்ரேம்... என் ஃப்ரேம்..."

ஸ்மிதா அவன் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"விஷமிக்க வேண்டாம், வருத்தப்படாதீங்க பட்டாபி சார், அது வீணாகாது. அரெஸ்ட் மெமோவும் அதே சைஸ்தான்!"