இடப்பக்க சீட்டில் குளிர்

எஞ்சின் கொதிக்கிறது என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களைத்தான் ஜெபமணி பார்த்திருக்கிறான். குளிர்கிறது என்று ஒருவரும் வந்ததில்லை. அதனால் அந்த டிசம்பர் காலையில் சங்கரன் தன் பிக்கப்பைப் புனேயின் போபோடியில் இருந்த அவனுடைய ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, "சூடு காட்டுத முள்ளு மேல ஏறவே மாட்டேங்குது, ஹீட்டர்ல காத்து ஜில்லுனு வருது" என்றபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"புனேல ஹீட்டர் கேக்குத ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி. வண்டி சூடாகாம ஓடுனா கும்பிட்டுட்டுப் போவீங்களா, அத விட்டுட்டு!"

சங்கரன் சிரிக்கவில்லை. பஞ்ச்கனி மலையிலிருந்து ஸ்ட்ராபெர்ரியும் காய்கறியும் ஏற்றிவந்து கேம்ப் மார்க்கெட்டில் இறக்குகிறவர் அவர். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்பதால்தான் அதில் ஹீட்டரே இருந்தது. இருவருக்கும் அம்பாசமுத்திரம் பக்கம். பார்த்தால் ஊர்க்கதை பேசாமல் பிரிய மாட்டார்கள். அன்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கில்ல தம்பி. பக்கத்துல இருக்கவளுக்குக் குளுருது."

"யாருக்கு?"

"வேதாவுக்கு."

சங்கரனின் மனைவி வேதநாயகி இறந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. பஞ்ச்கனியில் காய்ச்சல் கண்டவளை, யூக்கலிப்டஸ் தைலம் தடவி, அவர் இதே வண்டியில் இடப்பக்க சீட்டில் உட்காரவைத்து, பனிக்குள் புனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது. சுடுகாடு வரை தோள் கொடுத்தவர்களில் ஜெபமணியும் ஒருவன். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, பாவம், அவரோடு வாதாடி என்ன ஆகப்போகிறது என்று பானெட்டைத் திறந்தான்.

ஆறிக்கிடந்த எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதுவரை தெர்மோஸ்டாட் வால்வு தண்ணீரை அந்தப் பக்கம் விடாது. விட்டால் எஞ்சினும் சூடேறாது, அந்தச் சூட்டை வாங்கி ஓடும் ஹீட்டரும் சுடாது. இதிலோ எஞ்சின் லேசாக வெதுவெதுக்கும்போதே ஹோஸும் வெதுவெதுத்தது. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும் என்று மூடியைக் கழற்றினால், உள்ளே வால்வே இல்லை.

"எவன் கழட்டுனான்?"

"நான்தான் கழட்டச் சொன்னேன். வெயில்ல கம்பாட்கி மலை ஏறும்போது கொதிச்சுதுன்னு. எல்லா டிரைவரும் கழட்டிப் போடுததுதானே!" சங்கரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அன்னைக்கு வழியெல்லாம் குளுருது குளுருதுன்னா. ஹீட்டரைத் திருகுனா பச்சைக் காத்துதான் வந்துது."

ஜெபமணி புது வால்வு போட்டான். தண்ணீர் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினான். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நடுவில் வந்து நின்றது. டிரைவர் பக்கம் ஹீட்டர் கையைச் சுட்டது. வேலை முடிந்த சந்தோஷத்தில் இடப்பக்கத் துவாரத்திலும் கையை வைத்துப் பார்த்தான்.

பனிக்கட்டி.

ஒரே ஹீட்டர், ஒரே காற்று. ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ் இரண்டுமே சுட்டன. உள்ளே அடைப்பு இருக்குமோ என்று அதையும் கழற்றிக் கழுவி மாட்டினான். இடப்பக்கம் மாறவே இல்லை. அவனுக்கு வீம்பு வந்துவிட்டது. சரியாகாத வண்டியை அவன் வெளியே விட்டதில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று சங்கரனை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் தனியாகக் கிளம்பினான்.

கட்கி தாண்டி மரங்கள் அடர்ந்த ரோட்டில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனை மெல்ல ஏறியது. எங்கிருந்து என்று திரும்பினான்.

இடப்பக்கக் கண்ணாடி மட்டும் உட்புறம் ஆவி படிந்திருந்தது.

நடுவில் நின்ற முள் அவன் கண்ணெதிரே இறங்கியது.

கிடுகிடுவென்று ஒரு சத்தம். தளர்ந்த நட்டாக இருக்கும் என்று காதைக் கொடுத்தான். நட்டு இல்லை. பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

"ஏங்க..."

அவன் பிரேக்கை மிதித்தான். கதவைத் திறந்து ஓடிவிட வேண்டும் என்றுதான் கால் பரபரத்தது.

"ஏங்க, குளுருது."

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் அவனை உடைத்தது. செத்த பிறகும் புருஷனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள் அந்த மகராசி. எஞ்சின் கொடுக்கும் சூட்டையெல்லாம் வாங்கியும் அவளுக்குப் போதவில்லை.

ஜெபமணி இறங்கினான், ஓடவில்லை. பின்னால் கிடந்த ஸ்ட்ராபெர்ரி அட்டைப்பெட்டியைக் கிழித்து, காற்றுப் படாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் செருகினான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தான். முள் நடுவைத் தாண்டியது. இன்னும் ஏறியது. எஞ்சின் போனால் போகட்டும் என்று காலை எடுக்கவில்லை.

பற்களின் சத்தம் குறைந்தது.

நின்றது.

நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. கண்ணாடியில் இருந்த ஆவி கலைந்தது. தொட்டுப் பார்த்தான், சீட்டு கதகதப்பாக இருந்தது. தைல வாசனை இல்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, சின்னப்பிள்ளை போல அழுதான்.

திரும்பி வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். சங்கரன் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "போயிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். நிம்மதியில் கேட்கிறார் என்றுதான் ஜெபமணி எடுத்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை.

"அந்த வால்வைக் கழட்டிரு தம்பி."

"என்னத்துக்கு?"

"வண்டி காலியா ஓடுது. என்னால முடியல."

ஜெபமணிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டான். "அண்ணாச்சி, அவங்க நடுங்குனாங்க. பல்லு அடிச்சுது. நான் காதால கேட்டேம்லா."

"எனக்குத் தெரியாதா? வருஷம் பூரா நானும் கேட்டுட்டுத்தானே ஓட்டுனேன்?" அவருடைய கண்கள் நிரம்பி வழிந்தன. "நடுங்குனாலும் பக்கத்துல இருந்தா."

"என் கையால செய்ய மாட்டேன். அவங்களைப் போக விடுங்க."

சங்கரன் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வால்வைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கா புனேயில் பஞ்சம்? அதன்பின் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் ஜெபமணிக்குக் கோபம் வரும். கோபம் அடங்குவதற்குள் அழுகை வந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், தார் உருகும் வெயிலில், போபோடி ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளோடு நின்ற ஜெபமணி, பக்கத்தில் வந்து நின்ற பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே சங்கரன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்வெட்டரும் மப்ளருமாக, சிரித்துச் சிரித்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பல மாதமாக அவர் முகத்தில் காணாத சந்தோஷம் அது.

இடப்பக்கக் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதன் ஓரத்து இடைவெளி வழியே உள்ளே பார்த்தான். சீட்டில் ஒரு கம்பளிப் போர்வை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. போர்வைக்குள் யாரும் இல்லை. சங்கரன் எட்டி அதன் விளிம்பை, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், பதமாக இழுத்துச் செருகினார்.

போர்வை நடுங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சின் ஓடுகிற அதிர்வுதான் என்று ஜெபமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரயில் வரத் தாமதமானது. சங்கரன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

போர்வை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.