சித்திர மாடத்து வளைந்த விரல்

கதிரவன் மேற்குமலைக்குப் பின்னே இறங்கிவிட்ட பின்னும், போக மனமில்லாத செவ்வொளி பெண்ணையாற்று நீரில் மிதந்துகொண்டிருக்க, கரையோர நாணற்காட்டிலிருந்து எழுந்த நாரைகள் நெடுமணற்கோட்டையின் கொத்தளங்களைக் கடந்து கூடு திரும்பிக்கொண்டிருந்தன. அந்த எழிலை நாம் பார்த்து மகிழலாம். கோட்டையின் சித்திர மாடத்துக்குப் படியேறிய செவிலித்தாய் நங்கை பூதிக்கு அதற்குத் தெம்பில்லை. முழங்கால் வலித்தது, மனம் அதைவிட வலித்தது. இன்று நான்காவது இளைஞன் வருகிறான்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், முற்றுகையின்போது தப்பியோடிய ஓடம் ஆற்றில் கவிழ்ந்து, நான்கு வயது இளவரசன் சேந்தன் காணாமற்போனான். மகன் உயிரோடிருக்கிறான் என்றே நம்பினார் மாதேவி கோதைப்பிராட்டியார். நம்புகிறவர் இருந்தால் ஏய்க்கிறவனுக்கா பஞ்சம்? பகைவரின் ஒற்றர் மூவர் 'நானே சேந்தன்' என்று வந்தார்கள். மாடத்துச் சுவரில் மகனுக்குப் பாலூட்டும் மாதேவியின் ஓவியம் இருந்தது. அதன்முன் நிறுத்தி, "உன் அன்னையைக் காட்டு" என்று கேட்டபோது மூவருமே முகத்தைக் காட்டி அழுதார்கள். மூவரையும் இல்லையென்று தலையசைத்துக் கழுமரத்துக்கு அனுப்பியவள் பூதி. ஒற்றர்களானாலும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாமே! அன்றுமுதல் அவளுக்குச் சரியான உறக்கமில்லை.

வாசகப் பெருமக்களே, ஓர் இரகசியத்தை உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். அந்தக் குலத்து அரசியருக்குத் தம் பிள்ளைக்குத் தாமே பாலூட்டும் வழக்கமே இல்லை. சேந்தனுக்குப் பாலூட்டியவளும், ஓவியனுக்காகக் குழந்தையோடு பன்னிரண்டு நாள் அமர்ந்தவளும் பூதிதான். முகத்தை மாதேவியுடையதாக எழுதியவன், கையைக் கண்டது கண்டபடியே எழுதிவிட்டான், குழந்தையை அணைத்த இடக்கையின் வளைந்த சுண்டுவிரல் உட்பட! பார்த்தவர்கள் அதை ஏதோ நாட்டிய முத்திரை என்று மெச்சினார்கள். பணிப்பெண்ணின் விரலை யார் பார்க்கிறார்கள்? தனக்குக் கிட்டாத பேற்றை ஓவியமாவது தந்ததே என்று மாதேவி மாலைதோறும் அதற்கு விளக்கேற்றினார். அந்த ஆறுதலைக் கெடுக்க மனமின்றிப் பூதி வாயைத் திறக்கவில்லை. எவன் வந்தாலும் இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள்.

இன்று வந்தவன் ஓடக்காரர் வளர்த்த பிள்ளை. புழுதிக் காலோடு ஓவியத்தை நெடுநேரம் பார்த்தான்.

"தேவி, இந்த முகம் என் நினைவில் இல்லை. அந்த வளைந்த விரலை அறிவேன். அதைப் பற்றிக்கொண்டுதான் உறங்குவேன்."

மாதேவி எழுந்தார். கைகளை விரித்து நீட்டினார். "என் விரல்களைப் பார்! இவற்றில் எது வளைந்திருக்கிறது?"

"அரசியாரையே பழிக்கிறான்! கழுமரத்துக்குக் கொண்டுபோங்கள்!" என்று கர்ஜித்தார் கோட்டைத்தலைவர் விழுப்பரையர்.

பூதி வாய் திறந்தால் மாதேவியின் பதினான்கு ஆண்டு ஆறுதல் போகும். திறவாவிட்டால் பிள்ளையே போவான்.

"நில்லுங்கள், ஐயா!"

அவள் முந்தானையை விலக்கி, ஓவியத்தின் அருகே, விளக்கொளியில் இடக்கையை வைத்தாள்.

"அது என் கை, தேவி. மறைத்த பாவி நான். இவர் உங்கள் பிள்ளை."

மாதேவி சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "இத்தனை ஆண்டும் உன் கைக்கா விளக்கேற்றினேன், பூதி?"

"அந்தக் கைக்குள் இருந்த குழந்தைக்கு ஏற்றினீர்கள், தேவி."

அதற்குள் சேந்தன் ஓடிவந்து அந்தச் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டான். என்றோ வற்றிப்போன மார்பு ஒரு கணம் கனத்தது பூதிக்கு. அந்த ஒரு கணத்தை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை மாதேவியின் கையில் வைத்தாள்.

"அம்மாவிடம் போ, கண்ணே" என்றாள். "எனக்கு உறக்கம் வருகிறது."